இரண்டாவது முறை கொடுப்பவர்

சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த படுகொலைகளுக்கு எதிராக 2007இல் ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கியது. 'காசஸ்' என்று அன்றைக்கு ஃபேஸ்புக்குக்குள் இயங்கிய ஒரு செயலி வழியாக யாரும் அதில் சேரலாம், நண்பர்களைச் சேர்க்கலாம், பணமும் கொடுக்கலாம். மூன்றே ஆண்டுகளில் 10 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் ஆசை காட்டும் எண்ணிக்கை. கெவின் லூயிஸ் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் அந்தக் குழுவின் தரவுகளை எடுத்து ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கும் மேல் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. நூற்றுக்கு 72 பேர் இன்னொரு ஆளை அழைத்து வரவில்லை. எல்லாம் சேர்ந்து வசூலானது ஏறத்தாழ 90,000 டாலர். தலைக்குப் பிரித்தால் எட்டு சென்ட். அதே டார்ஃபூர் இயக்கம், வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பி நன்கொடை கேட்கும் பழைய வழியில், 2008 நிதியாண்டில் மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு 'ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் வீண் வேலை' என்று முடிவு கட்டினால் அது அவசரம். நான் சொல்லவருவது வேறு. நம் ஊர் அறக்கட்டளைகளின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பொங்கல் வாழ்த்து, சுதந்திர தின வாழ்த்து, அரிசி மூட்டையை நாலு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் படம், விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படம், கடைசியில் ஒரு க்யூஆர் கோடு. புதிதாக யாராவது வந்து பணம் போடுவார்களா என்று வாசலைப் பார்த்தபடியே இருக்கின்றன. போன மாதம் 500 ரூபாய் போட்டவர் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் அவருக்கென்று அங்கே ஒரு வரியும் இருக்காது. சமூக வலைதளத்தை ஆள் பிடிக்கும் இடமாக நினைப்பதுதான் கோளாறு. ஏற்கெனவே கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்லும் இடமாக அதை வைத்துக்கொண்டால், ஆள் சேர்க்கும் வேலையை அவரே செய்வார். ஆதரவு வளர்கிறதா என்பதற்கு ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை அளவுகோல் இல்லை. இரண்டாவது முறை கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதே அளவுகோல்.

ஏன் அவர் செய்வார் என்று நம்ப வேண்டும்? இதற்கு நல்ல சான்று தேர்தலிலிருந்து கிடைக்கிறது. 2010 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நடந்த அன்று, ஃபேஸ்புக்கில் நுழைந்த 6 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு 'இன்று வாக்குப்பதிவு' என்ற அறிவிப்பும் வாக்குச்சாவடி விவரமும் காட்டப்பட்டன. இன்னொரு பிரிவினருக்கு அதே அறிவிப்போடு, 'வாக்களித்துவிட்டேன்' என்று அழுத்திய அவர்களுடைய நண்பர்கள் சிலரின் முகங்களும் தெரிந்தன. அறிவிப்பை மட்டும் பார்த்தவர்கள், எதையுமே பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக வாக்களிக்கவில்லை. முகங்களைப் பார்த்தவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. அதிலும், நேரிலும் பழகக்கூடிய நெருங்கிய நண்பர்கள் வழியாகவே பெரும்பகுதி விளைவு பரவியது என்று 2012இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை சொன்னது. மாற்றத்தின் அளவு சிறியதுதான், ஒரு சதவீதத்தில் பாதிகூட இல்லை. ஆனால் நிறுவனத்தின் குரலுக்கும் தெரிந்தவரின் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு பெரிய கூட்டத்தில் வைத்துக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

பணம் கொடுக்கும் விஷயத்திலும் இதே கதைதான். 2010 ஜனவரியில் ஹெய்தியை நிலநடுக்கம் நொறுக்கியபோது, அமெரிக்கர்கள் கைப்பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பத்து டாலர் கொடுக்கும் வசதி வந்தது. அப்படிக் கொடுத்தவர்களைப் பியூ ஆய்வு மையம் பிறகு விசாரித்தது. பாதிப் பேர் செய்தியைக் கேட்ட கையோடு கொடுத்திருந்தார்கள். நூற்றுக்கு 43 பேர் நண்பர்களையோ உறவினர்களையோ கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர், தாம் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் கொடுத்ததாகக் கூறினார்கள். எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் சுவாரசியம். பெரும்பாலோர் நேரில் பேசியிருக்கிறார்கள். சமூக வலைதளத்தில் எழுதிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். கைப்பேசி வழியாகவே கொடுத்தவர்கள்கூட, அடுத்தவரைக் கேட்கும்போது வாயைத் திறந்து பேசியே கேட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு தொண்டு நிறுவனம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி 'நம் பதிவு எத்தனை பேருக்குப் போனது' என்பது இல்லை. நமக்குக் கொடுத்த ஒருவர், நாளைக்கு ஆபீஸ் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் நம்மைப் பற்றிச் சொல்ல ஏதாவது விஷயம் கொடுத்திருக்கிறோமா என்பது.

பக்கத்தை வைத்து ஊருக்கே கூவும் வழியைச் சமூக வலைதள நிறுவனங்களே அடைத்துவிட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014 பிப்ரவரி வாக்கில் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தின் பதிவு, பணம் கட்டாத நிலையில், அதன் ஃபாலோயர்ஸில் நூற்றுக்கு ஆறு பேரைத்தான் எட்டியது என்று ஓகில்வி விளம்பர நிறுவனம் கணக்கிட்டது. ஐந்து லட்சத்துக்கு மேல் லைக் வாங்கிய பக்கங்களுக்கு அது இரண்டு பேர். 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பர்க்கே, நண்பர்களும் குடும்பத்தாரும் போடும் பதிவுகளுக்கு இனி முன்னுரிமை, நிறுவனப் பக்கங்களுக்குக் குறைவு என்று அறிவித்தார். காசு கட்டி விளம்பரம் போட்டால் எட்டலாம், உண்மை. மாதம் முப்பதாயிரம் ரூபாயில் ஒரு மாலை நேர டியூஷன் சென்டர் நடத்துபவர் அந்தக் காசை எங்கிருந்து எடுப்பார்?

'பணம் வராவிட்டால் என்ன, விழிப்புணர்வாவது வரட்டுமே' என்று ஒரு சமாதானம் உண்டு. விழிப்புணர்வு என்ற சொல்லுக்குள் எதையும் போட்டு மூடிவிடலாம். கிரிஸ்டோஃபர்சன், வைட், பெலோசா ஆகிய மூவர் கனடாவில் நடத்திய சோதனைகள் 2014இல் வெளிவந்தன. போர்நினைவு நாளையொட்டிச் சிலருக்குப் பாப்பி மலரைச் சட்டையில் எல்லாரும் பார்க்கக் குத்திவிட்டார்கள். சிலருக்கு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச தூரம் தாண்டி நன்கொடை கேட்டபோது, உறையில் வாங்கியவர்களே அதிகம் கொடுத்தார்கள். பிறர் பார்க்கும்படி ஆதரவு காட்டியவருக்கு, நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அப்போதே நிறைவேறிவிடுகிறது என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். புரொஃபைல் படத்தில் ஒரு சட்டகம் மாட்டச் சொல்லும் பிரச்சாரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரறிய லைக் போடச் சொல்வதைவிட, தனிச்செய்தியில் பெயரையும் எண்ணையும் அனுப்பச் சொல்வது மேல். அனுப்புகிறவர் குறைவாகத்தான் இருப்பார்கள், ஆனால் அவர்கள் வேறு ரகம்.

கணக்குச் சொல்லுதல் என்றால் என்ன என்பதற்கு 2006இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 'சாரிட்டி வாட்டர்' அமைப்பைச் சொல்லலாம். ஸ்காட் ஹாரிசன் தொடங்கியது. ஏழை நாடுகளில் குடிநீருக்கு ஏற்பாடு செய்வது வேலை. அமைத்த கிணறு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்து, படத்தோடு வெளியிட்டது. உங்கள் பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம், கிணற்றுக்குப் பணம் கொடுங்கள் என்று உங்கள் நண்பர்களிடம் நீங்களே கேளுங்கள் என்றது. கேட்பவர் நிறுவனம் இல்லை, நண்பர். இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது 2010இல் அவர்கள் செய்த ஒரு காரியம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பயாக்கா மக்களுக்காகத் துளையிட்ட இடத்தில் தண்ணீர் வரவில்லை. ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த முயற்சி அது. தோற்றுவிட்டோம் என்று அவர்களே காணொளி எடுத்துப் போட்டார்கள். நம் ஊரில் ஒரு போர்வெல் பொய்த்தால் அந்தப் படம் எந்த டிரஸ்ட் பக்கத்திலும் வராது. கொடுத்தவருக்கு அது தெரிய வேண்டாம் என்று நினைக்கிறோம். அதைச் சொல்லும்போதுதான் நாம் சொல்லும் மற்ற வெற்றிகளையும் அவர் நம்புகிறார்.

மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். மேலே சொன்ன ஹெய்தி குறுஞ்செய்திப் பணம் போனது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. எல்லா வழியிலும் சேர்த்து அந்தச் சங்கம் ஹெய்திக்காக ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. ஐந்து ஆண்டு கழித்து, 2015 ஜூனில், புரோபப்ளிக்காவும் என்பிஆர் வானொலியும் அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று தேடிப்போய், கட்டிய நிரந்தர வீடுகள் ஆறே ஆறு என்று எழுதின. சங்கம் மறுத்தது, தற்காலிகக் கூரை, பழுது பார்த்த வீடு, வாடகை உதவி எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உதவியிருக்கிறோம் என்றது. யார் சொன்னது எவ்வளவு சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். பத்து டாலர் கொடுத்தவருக்கு அந்த ஐந்து ஆண்டில் சங்கமே விவரமாகச் சொல்லியிருந்தால், பத்திரிகைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ளும் நிலை வந்திருக்காது. ஒரு கைப்பேசி எண்ணிலிருந்து பணம் வந்திருக்கிறது. அதே எண்ணுக்குப் பதில் அனுப்ப எவ்வளவு செலவாகும்?

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. கல்யாண வீட்டில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று மொய் நோட்டில் பெயர், ஊர், தொகையோடு வைத்திருந்து, இருபது ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிற சமூகம் இது. அறக்கட்டளைக்கும் அப்படி ஒரு நோட்டுதான் முதலில் வேண்டும். ஜிபேயில் பணம் வந்ததும் ரசீது அனுப்பி, 'எங்கள் எண்ணைச் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு செய்தி வரும், வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்' என்று கேட்டுவிட வேண்டும். வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது: ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இது வசதியாகத் தெரிகிறது. உங்கள் பெயரைச் சேமித்துவைக்கும் அளவுக்கு உங்களை மதிப்பவர் எத்தனை பேர் என்று இதைவிட நேர்மையாக எந்த மீட்டரும் காட்டாது. கேட்காமல் ஊரில் உள்ள எண்ணையெல்லாம் ஒரு குழுவில் சேர்த்து, காலை வணக்கத்தோடு தொடங்குவது வேறு வேலை. அதில் வெளியேறுபவர்களே அதிகம்.

அந்த மாதச் செய்தியில் என்ன இருக்க வேண்டும்? ஒரு வேலை, ஒரு தொகை, ஒரு முடிவு. டியூஷன் சென்டருக்கு ஆறு மின்விசிறி வேண்டும் என்றால், கடைக்காரர் கொடுத்த விலையைப் போட்டுக் கேளுங்கள். பணம் சேர்ந்ததும் 'போதும், இனி அனுப்ப வேண்டாம்' என்று அறிவியுங்கள். பில்லைப் படமெடுத்துப் போடுங்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்றால் அதை எதில் வைத்திருக்கிறோம் என்று எழுதுங்கள். மாட்டிய விசிறி இரண்டு மாதத்தில் ஓடாமல் நின்றால் அதையும்தான். 'போதும்' என்று சொல்லத் தெரிந்த அமைப்பை மக்கள் எளிதில் மறப்பதில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது தேவை முடிந்த பிறகும் பழைய உதவிச் செய்திகள் சுற்றிக்கொண்டே இருந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் நன்றாக வேலை செய்தவை, தன்னார்வலர்கள் ஒவ்வோர் எண்ணையும் அழைத்துச் சரிபார்த்து, முடிந்ததை அடித்துவிட்டு, புதியதைச் சேர்த்த பட்டியல்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கும் 60 லட்சம் டாலர் என்ற முடிவான தொகை முன்னால் இருந்தது. இரு மருத்துவர்கள் தலா 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கினார்கள், உலகெங்கும் இருந்த தமிழர்கள் சிறுகச் சிறுகப் போட்டார்கள், தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது, 2018இல் தொகை நிறைந்தது. அந்த இருக்கை தேவையா என்ற விவாதம் தனி. எங்கே போய் நிற்கும் என்று தெரிந்த பயணத்தில் ஏறிக்கொள்ள ஆட்கள் வந்தார்கள் என்பதே நான் கவனிப்பது.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். 2014இன் ஐஸ் பக்கெட் சவால்? தலையில் பனிநீரை ஊற்றிக்கொண்ட அந்தக் காணொளிகளால், அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு ஒரே கோடையில் 11.5 கோடி டாலர் வந்தது. ஏஎல்எஸ் நரம்பு நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு அது பெரும் உதவி. அந்தப் பணத்தில் நடந்த ஆய்வில் 2016இல் 'என்இகே1' என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. வைரல் வேலை செய்யாது என்று நான் சொன்னால் இந்தக் கணக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அதை அந்தச் சங்கம் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும் கையில் எடுத்துப் பரப்பினார்கள். இரண்டாவது, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த சிலரைப் பெயர் சொல்லி அழைத்து, 24 மணி நேரம் கெடு வைத்தார்கள்; கோடிக்கணக்கான பார்வைகளுக்கு அடியில் ஓடியது 'டேய், அடுத்து நீதான்' என்ற தனிப்பட்ட அழைப்பு. மூன்றாவது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே சவாலைச் சங்கம் மறுபடி நடத்தியபோது முதல் ஆண்டின் சிறு பங்குகூட வரவில்லை. ஹைதராபாத்தில் ஒரு பத்திரிகையாளர் அதே 2014இல் இதை 'ரைஸ் பக்கெட்' என்று மாற்றி, பக்கத்தில் இருக்கும் ஏழைக்கு ஒரு வாளி அரிசி கொடுக்கச் சொன்னார்; நம் சூழலுக்குப் பொருத்தமான புத்திசாலித்தனம். இப்படிப்பட்ட மழை பெய்தால் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. மழையை நம்பி ஆண்டு பட்ஜெட் போட முடியாது.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கூர்மையானது. 'பில்லும் கணக்கும் யார் படிப்பார்கள்? அழும் குழந்தையின் முகத்தைப் போட்டால்தான் காசு வருகிறது.' வருகிறது என்பதற்கு ஆய்வே இருக்கிறது. ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ரோக்கியாவின் கதையைப் படித்தவர்கள் கையிலிருந்த ஐந்து டாலரில் சராசரி 2.38 டாலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43 டாலராக இறங்கிவிட்டது. ஆகவே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த மனிதர் யார் என்பதில்தான் மறுப்பு. காப்பகத்துக் குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்து, சாப்பாட்டுத் தட்டோடு ரீல்ஸ் எடுத்துப் போடுபவர்கள், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கும் பிரிவு ஒன்று 2015 சிறார் நீதிச் சட்டத்தில் இருப்பதை நினைப்பதில்லை. பிரிவு 74, ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் போகட்டும். அந்தப் பிள்ளை பத்தாண்டு கழித்து வேலைக்குப் போகும் இடத்தில் யாரோ அந்தக் காணொளியைத் தேடி எடுத்தால் அதற்கு நாம் என்ன பதில் சொல்வோம்? மாலையில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், சமையல் செய்யும் அக்கா, ஒவ்வொரு மாதமும் நூறு ரூபாய் அனுப்பும் ஆட்டோ ஓட்டுநர் என்று கேட்டால் சம்மதம் சொல்லக்கூடிய பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முகம் வேண்டுமென்றால் அவர்களுடைய முகம் இருக்கிறது.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பது உண்மையான கஷ்டம். அதற்கு என் பதில், குறைத்துச் செய்யுங்கள் என்பதே. ஐந்து தளங்களில் கணக்குத் திறந்து ஐந்தும் தூசி படிந்து கிடப்பதைவிட, உங்களுக்குக் கொடுப்பவர்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த ஒரே இடம் போதும். வாழ்த்து போஸ்டர் வடிவமைக்கும் நேரத்தில் பத்துப் பேருக்குப் பதில் எழுதிவிடலாம். சிஎஸ்ஆர் நிதி கொடுக்கும் கம்பெனிகள் ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையைப் பார்க்கின்றன என்பார்கள். சில பார்க்கலாம். மூன்று ஆண்டு மாதாமாதம் தேதியோடு போட்ட பில்களும் வேலை விவரமும் ஒரு பக்கத்தில் வரிசையாக இருந்தால், அவர்கள் கேட்கும் அறிக்கையில் பாதி அங்கேயே தயார். வெளிநாட்டுத் தமிழர்களிடம் ஆன்லைனில் கேட்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுப்பது, அவர் பிறந்தது மதுரையே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் சேராது. உலகம் முழுக்க க்யூஆர் கோடைப் பரப்பும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதைப் படிப்பவர்களில் டிரஸ்ட் நடத்துபவர்களைவிட, எப்போதாவது ஏதாவது ஒரு டிரஸ்ட்டுக்குப் பணம் போட்டவர்களே அதிகம் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசியாகக் கொடுத்த இடத்துக்கு இன்றைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: 'நான் கொடுத்த பணம் எதற்குச் செலவானது?' பதில் வந்தால் அந்தப் பதிலை அப்படியே உங்களுக்குத் தெரிந்த மூன்று பேருக்குச் சொல்லுங்கள். ஒரு வாரமாகியும் வராவிட்டால், அடுத்த முறை வேறு இடம் பாருங்கள்.